தீமை என்னும் சொல்: அதன் பொருளும் பயனும்

சைவ பாடசாலைகளில் நீதிபாடம் கற்பிக்கும் ஆசிரியர்கள் நாடோறும் வழங்குஞ் சொற்களுள் தீமை என்பதும் ஒன்று. நன்மையைச் செய்க, தீமையை விலக்குக என்று நாம் சொல்லுகின்றோம். பிள்ளைகளும் அதனைத் திருப்பிச் சொல்லுகின்றார்கள். ஆயினும், தீமையாவது யாது என்று பிள்ளைகளை நிறுத்தி வினவுவோமாயின், ஒரு பிள்ளை "நோவு" என்னும். ஒரு பிள்ளை "பொய் சொல்லுதல்" என்னும். வேறொரு பிள்ளை அயலூரைச் சுட்டி, "அவர்கள் செய்வது" என்னும். இம்மூன்று விடைகளுள் மூன்றாவதே நாம் அஞ்சற்பாலது. ஒரு சொல் நாவிற் பழகி, அதன் பொருள் நெஞ்சிற் பதியாதவழி, அச்சொல் அறத்திற்குக் கருவியாகாது பகைக்குக் கருவியாய் முடியும். ஆதலால், இச்சொல்லின் பொருள் இன்னதென்பதும், அறநெறிக்கு இதனாற் பயனுண்டோ இல்லையோ என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

இவ்வாராய்ச்சிக்கு வேண்டும் உதாரணங்களைத் தேடி நாம் தொலைவிற் செல்லவேண்டுவதில்லை. கல்முனையினின்றும் தெற்கு நோக்கிச் செல்லுங் கடற்கரைப் பெருவழியிலே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. இவற்றுட் காரைதீவு, விபுலாநந்த அடிகளார் 1892ஆம் ஆண்டிற் பிறந்த தமிழூர். பாலமுனையும் அதனை அடுத்த ஊர்களும் தமிழையே தாய்மொழியாகவுடைய முஸ்லிம்கள் வாழும் ஊர்கள். அக்கரைப்பற்றில் இருசாராரும் அயலயலே வாழ்கின்றனர். கிழக்கே கடல், மேற்கே வயல். இருசாராருக்கும் மொழி ஒன்று. தாய்வழியாக வருங் குடிமுறையும் இருசாராரிடத்தும் உண்டு. பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று தங்கள் உறவைக் கீழ்மாகாணத்தார் உவமித்துச் சொல்வர். அவ்வுவமை பொய்த்த நாள்களும் இக்கரையில் இருந்தன. அந்நாள்களை மறைத்து வைத்துத் தீமையைப் பற்றி இங்குப் பாடஞ் சொல்லுதல் இயலாது.

முதலாவது: துன்பம், குற்றம், தீமை

இம்மூன்றும் ஒரு பொருட் சொற்களாக உலக வழக்கிலே மயங்குகின்றன. இவற்றைப் பிரித்தறிதலே முதற்பாடமாம்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாட் காலையிலே, சுமத்திராத் தீவின் அயலிற் கடலடியில் நிலம் நடுங்க, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ஆழிப்பேரலை இக்கரையில் வந்து மோதிற்று. இலங்கையில் மிகுந்த உயிரிழப்பை அடைந்தது அம்பாறை மாவட்டமே. இம்மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்னும் ஊர்கள் கோயில் பள்ளி என்னும் வேறுபாடின்றி அழிந்தன. இது துன்பம், அளவிறந்த துன்பம். ஆயினும் இதனைத் தீமை என்றல் பொருந்தாது. கடலுக்கு அறிவில்லை; அறிவில்லாததற்கு எண்ணமில்லை; எண்ணமில்லாவிடத்துச் செய்வோன் என ஒருவன் இல்லை.

நிலம் நடுங்கியதற்கும் அலை வந்ததற்கும் இடையே இரண்டு மணி நேரம் இருந்தது. அந்நேரத்துள் கரையிலுள்ளார் அறியுமாறு எச்சரிக்கை தருவதற்குரிய ஏற்பாடு இந்துசமுத்திர நாடுகளில் அந்நாளில் இருக்கவில்லை; பசிபிக் சமுத்திரத்தில் அது பல்லாண்டுகளுக்கு முன்னரே இருந்தது. இங்கே மனிதரிடத்து ஒரு குறை உண்டு. அது முன்னறிந்து செய்யவேண்டியதைச் செய்யாமையாகிய குறை. அதனைக் குற்றம் எனலாம். எவனும் அம்மக்கள் மாளவேண்டும் என்று எண்ணினானல்லன். அவர் மாளினும் ஆகுக என்று இசைந்தானுமல்லன். ஆதலால் அதுவும் தீமையென்னும் பெயரைப் பெறாது. குற்றத்திற்கு மருந்து திருத்தம். அத்திருத்தம் பின்னர் நடைபெற்று, இந்துசமுத்திரத்திற்கும் எச்சரிக்கை ஏற்பாடு அமைக்கப்பட்டது.

இனி, தீமைக்கு வருவோம். 1990ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் இரவு, மட்டக்களப்பை அடுத்த காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்ற முஸ்லிம்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சிறுவரும் அவருள் அடங்குவர். அதனைச் செய்தோர் விடுதலைப் புலிகள் இயக்கத்தவர் என்பதே உயிர்தப்பினோரும் ஆராய்ந்தோரும் கூறுவது. ஒன்பது நாட் கழித்து, அவ்வாகஸ்டு 12ஆம் நாள், சம்மாந்துறையை அடுத்த வீரமுனையிலே பிள்ளையார் கோயிற் சூழலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். அதனைச் செய்தோர் ஊர்காவற்படையினரும் அரச படையினரும் என்று உயிர்தப்பினோர் கூறுவர். ஓரிடத்தில் இறைவனைத் தொழச் சென்றோர். மற்றோரிடத்தில் இறைவனை அடைக்கலமாக அடைந்தோர். இவ்விரண்டனையும் துன்பம் என்று மட்டுஞ் சொல்லின் குறைவுபடும். குற்றம் என்று மட்டுஞ் சொல்லினும் குறைவுபடும். இவற்றிற்கு உரிய சொல் தீமை ஒன்றே.

ஆகவே, தீமைக்கு இலக்கணம் பின்வருமாறு கொள்ளப்படும். பிறவுயிர்க்குப் பொறுத்தற்கரிய கேட்டை, அவ்வுயிரும் தன்னைப்போல நோவதென்று அறியத்தக்க நிலையில் நின்றும், அந்நோவை ஒரு பொருளாக மதியாது, மனமிசைந்து செய்தலும், செய்வித்தலும், செய்வாரை உவந்து நிற்றலும் தீமையாம். இவ்விலக்கணத்தில் மூன்று அடையாளங்கள் உள: கேட்டின் பெருமை, மனத்தின் இசைவு, பிறவுயிரை உயிராக மதியாமை. மூன்றும் கூடியவிடத்தே இச்சொல்லை வழங்குக. ஒன்று குறையினும் வேறு சொல் தேடுக. வகுப்பிலே எழுதுகோலைத் திருடிய பிள்ளை குற்றஞ் செய்தது. அப்பிள்ளையைத் தீய பிள்ளை என்றல் ஆசிரியர் செய்யும் குற்றமாம்.

இரண்டாவது: இச்சொல்லை விட்டுவிடலாமோ?

இக்காலத்து அறநூலாருட் சிலர், தீமை என்னுங் கருத்தை அறநெறியினின்றும் நீக்கிவிடுதலே நன்று என்பர். ஜெர்மானியராகிய நீட்சே 1887ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, நன்மை தீமை என்னும் பாகுபாடு வலியோர்மீது மெலியோர் கொண்ட உட்பகையிற் பிறந்தது என்று வாதித்தார். பின் வந்தோர் வேறு காரணம் காட்டுவர். ஒருவனைத் தீயோன் என்றவுடனே அவன் ஏன் அவ்வாறு செய்தான் என்னும் ஆராய்ச்சி நின்றுவிடுகிறது என்பர். மாற்றாரைப் பேயாக்கிவிட்டபின் அவர்மேல் எதனையுஞ் செய்யலாம் என்னும் துணிவு பிறக்கிறது என்பர்.

இவ்வாட்சேபம் எளிதிற் புறக்கணிக்கத் தக்கதன்று. அதற்குச் சான்றும் நம் மாவட்டத்திலேயே உண்டு. 2018ஆம் ஆண்டு பெப்ருவரி 26ஆம் நாள் இரவு அம்பாறை நகரத்திலே, முஸ்லிம் ஒருவருடைய உணவுக்கடையிற் பரிமாறிய உணவிற் காணப்பட்ட ஒரு கட்டியை, சிங்கள மக்களை மலடாக்கும் மருந்து என்று சிலர் கூறினர். அவ்விரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் ஆராய்ந்தபோது அக்கட்டி வெறும் மாவே என்று தெரிந்தது. உணவிற் கலந்து ஒருவரை நிலையாக மலடாக்கும் மாத்திரை என ஒன்று இல்லையென வைத்திய அறிஞரும் கூறினர். ஒரு மாக்கட்டியிலே ஒரு சமூகத்தின் தீய எண்ணத்தைக் கண்டவர், அதனை ஒழிக்கப்போவதாகத் தாமே தீமை செய்தனர். தீமை என்னும் சொல் தீமைக்கே விறகாயிற்று.

அற்றேல், இச்சொல்லைக் கைவிடுதலே தக்கது எனின், அற்றன்று. கத்தியால் ஒருவன் குத்தினான் என்பதற்காக மருத்துவர் கத்தியைக் கைவிடுவாரல்லர். சொல்லைக் கைவிட்டால் நேர்வது யாது என்பதையும் நாம் கண்டிருக்கின்றோம். 1990ஆம் ஆண்டு நிகழ்ந்தவற்றைப் பேசும்போது நம்முட் பலர் "பிரச்சினைக் காலம்" என்பர், "அசம்பாவிதம்" என்பர், "இரண்டு பக்கமும் நடந்ததுதானே" என்று முடிப்பர். இச்சொற்களிலே கொன்றவன் இல்லை, கொல்லப்பட்டவனும் இல்லை. மழை பெய்தது என்பதுபோலக் கொலை நடந்தது என்றாகிவிடுகிறது. "இரண்டு பக்கமும்" என்னுஞ் சொல், ஒரு தீமையை மற்றொரு தீமையால் கழித்துப் பூச்சியமாக்கப் பார்க்கிறது. அறக்கணக்கிலே அவ்வாறு கழித்தல் இல்லை, இரண்டுங் கூட்டப்படும்.

ஆகவே, தீமை என்னும் சொல்லாலாகும் பயன் மூன்று. எக்காரணத்தாலும் கடக்கப்படாத எல்லை ஒன்று உண்டு என்பதை அது உணர்த்தும். இனத்தின்பொருட்டு, மதத்தின்பொருட்டு, பழிவாங்குதற்பொருட்டு என்னும் நியாயங்கள் யாவும் அவ்வெல்லையின் இப்பக்கத்தே நின்றுவிடவேண்டும். துன்புற்றோருக்கு உரிய மெய்ம்மையை அது வழங்கும். தன் மகனைப் பறிகொடுத்த தாயிடத்து "அசம்பாவிதம்" என்பது அவளை இரண்டாம் முறை வருத்துவதாம்; "உமக்குத் தீமை செய்யப்பட்டது" என்பதே அவளுக்குச் செய்யத்தகும் முதல் மரியாதை. இவ்விரண்டினும் சிறந்ததாய், நம்மை நாமே அஞ்சும்படி அது செய்யும். திருவள்ளுவர் 21ஆம் அதிகாரத்துக்குத் தீவினையச்சம் எனப் பெயரிட்டார். பிறர் செய்யும் தீவினையைக் கண்டு நடுங்குதல் அவ்வதிகாரத்தின் கருத்தன்று. தான் செய்துவிடுவேனோ என்று நடுங்குதலே கருத்தாம். தம்மைப் பகைப்போர்க்கும் தீயன செய்யாதிருத்தலை அறிவினுள் தலையாய அறிவாக அவர் அங்கே வைத்ததும் நோக்குக.

மூன்றாவது: தீமை எங்கே இருக்கின்றது?

இதற்குச் சைவசித்தாந்தம் கூறும் விடை, மேற்காட்டிய ஆட்சேபத்தைத் தீர்க்கும் ஆற்றலுடையது. உயிர் இயல்பாகவே தீயதன்று. செம்பிற் களிம்புபோலவும், நெல்லில் உமிபோலவும், ஆணவமலம் அநாதியே உயிரைப் பற்றியிருக்கிறது. களிம்பு செம்போடு உடன்பிறந்ததாயினும் செம்பாகாது. உமி நெல்லோடு தோன்றினும் அரிசியாகாது. எனவே, ஒருவன் செய்த செயலைத் தீமை என்பதற்கு நூல் இடந்தரும். அவனுயிரைத் தீமையென்பதற்கு இடந்தராது. ஒருவனுக்கே இது பொருந்தாதாயின், ஒரு சமூகத்திற்கு எவ்வாறு பொருந்தும்? ஆணவம் எல்லா உயிர்க்கும் பொது. அது கோயிலுக்கு வருவோரை விட்டுப் பள்ளிவாசலுக்குச் செல்வோரைப் பற்றியதன்று. அவரை விட்டு நம்மைப் பற்றியதுமன்று.

ஆணவத்தின் இயல்பைப் பற்றி உமாபதிசிவாசாரியர் திருவருட்பயனில், இருள்மலநிலை என்னும் பகுதியிலே காட்டும் நுட்பம் ஒன்றுண்டு. புறவிருள் பிறபொருளை மறைக்கும். ஆயினும் இருள் இருக்கின்றதென்று தன்னைக் காட்டும். ஆணவமோ பிறபொருளையும் மறைத்துத் தன்னையுங் காட்டாது. தீமை செய்வோன் தான் தீமை செய்வதாக உணராதிருப்பதற்கு இதுவே காரணம். அவன் தன்னைக் காவலன் என்றும், நீதி வழங்குவோன் என்றும், கடமை செய்வோன் என்றும் எண்ணுவான்.

பிறநாட்டு அறிஞரும் இதனை அணுகியுள்ளார். காண்டு என்னும் ஜெர்மானிய தத்துவஞானி, 1793ஆம் ஆண்டில் வெளிவந்த தமது சமய ஆராய்ச்சி நூலிலே, அறத்தினும் தன்னலத்தை முற்படுத்தும் சாய்வு மனித இயல்பின் வேரிலேயே உண்டு என்றார். யூதர்களை ஆயிரமாயிரமாகக் கொலைக்களங்களுக்கு அனுப்பும் ஏற்பாட்டை நடாத்திய ஐக்மன் என்பவன் 1961ஆம் ஆண்டு எருசலேமிலே விசாரணை செய்யப்பட்டான். அவ்விசாரணையை நேரிற் கண்ட ஹன்னா ஆரெண்டு என்னும் அம்மையார் 1963ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே, அங்கே பேயொன்றைக் காணவில்லை, சிந்தியாத சாதாரண உத்தியோகத்தன் ஒருவனையே கண்டேன் என்னும் கருத்துப்பட எழுதினார். அவன் யூதரை உள்ளூரப் பகைத்தவனே என்று பின்வந்த ஆராய்ச்சியாளர் சான்று காட்டியுள்ளனர். இவ்விரண்டனுள் எதுவாயினும் ஆகுக. தான் கடமையையே செய்ததாகச் சொல்லி அவன் நின்றான் என்பது இருசாரார்க்கும் உடன்பாடு. தன்னைக் காட்டாத இருள் என்பதற்கு இதனினும் வேறு உதாரணம் வேண்டா.

அங்ஙனமாயின், மலத்தால் மறைக்கப்பட்டுச் செய்தோன்மேற் பழி யாது, அவன் பொறுப்பாளி ஆவனோ எனின், ஆவன் என்க. உயிர் முற்றும் இருளில் விடப்படவில்லை. பொழுது புலருமட்டும் கைவிளக்கு உதவுமாறுபோல, மாயையின் காரியமாகிய உடம்பையும் கருவிகளையும் இறைவன் உயிருக்குத் தந்திருக்கின்றான். அச்சிறு வெளிச்சம் பரம்பொருளைக் காட்டப் போதாதாயினும், தொழுகின்றவனைச் சுடலாகாது, அடைக்கலம் புகுந்தவனை வெட்டலாகாது என்பதைக் காட்டப் போதும். விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு அதனை ஊதி அணைத்தவன், இருட்டாயிருந்தது என்று சொல்லித் தப்பமுடியாது.

நல்வினையும் தீவினையும் ஆகிய இரண்டுமே பிறவிக்கு ஏதுவாதலால் இரண்டும் ஒன்றே என்று சிலர் கூறித் தடுமாறுவர். இருவினையொப்பு என்பது வினைப்பயன்களிடத்து விருப்பு வெறுப்பின்றி நிற்றல்; செய்கையிலே நன்மை தீமை பாராதிருத்தலன்று. பொன் விலங்கும் இரும்பு விலங்கும் விலங்கே என்று சொல்லுதல் விடுதலையை நாடுவோனுக்கு உரியது. பிறர் காலில் இரும்பு விலங்கை மாட்டுவோன் அதனைச் சொல்லத் தகுதியிலன்.

நான்காவது: ஆசிரியர் கைக்கொள்ளத்தகும் முறை

1. செயலைச் சுட்டுக, சாதியைச் சுட்டற்க. இன்ன நாள், இன்ன இடத்தில், இன்னார் இதனைச் செய்தனர் என்று வரையறுத்துச் சொல்லுக. "அவர்கள் அப்படித்தான்" என்று பிள்ளை சொல்லுமாயின் அவ்விடத்திலேயே நிறுத்துக. 2019ஆம் ஆண்டு ஏப்பிரில் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டு வெடிக்கச் செய்து 250 பேருக்கு மேற் கொன்ற கூட்டத்தைச் சார்ந்தோர், ஐந்து நாட் கழித்துச் சாய்ந்தமருதிலே ஒரு வீட்டில் மறைந்திருந்தனர். அவர்மீது ஐயுற்று அதிகாரிகளுக்கு அறிவித்தோர் அவ்வூர் முஸ்லிம் மக்களே. அன்றிரவு அவ்வீட்டில் குண்டு வெடித்தபோது அவர்தம் பிள்ளைகளும் மாண்டனர். தீமையும், அதனைத் தடுக்க எழுந்த அறமும் ஒரே ஊரில், ஒரே சமயத்தாரிடத்தில் இருந்தன என்பதை மாணவர் அறியட்டும்.

2. நம் பக்கத்தை முதலிற் சொல்லுக. சைவ பாடசாலையிலே காத்தான்குடியை முதலிற் சொல்லி, வீரமுனையைப் பின்னர்ச் சொல்லுக. பாலமுனைப் பாடசாலையில் ஓர் ஆசிரியர் இப்பாடத்தைச் சொல்லின், அவர் வீரமுனையை முதலிற் சொல்லுதல் அழகு. அவர் சொல்லுவாரோ என்று நாம் காத்திருத்தல் வேண்டா. தன் களிம்பைத் தானே துலக்குதற்கு அயலவர் அனுமதி எதற்கு?

3. சான்றின்றிச் சாற்றற்க. ஒருவர்மேல் குற்றஞ் சொல்வதற்கே சான்று வேண்டுமாயின், தீமை சொல்வதற்குப் பன்மடங்கு வேண்டும். அம்பாறை மாக்கட்டியை இதற்கு உதாரணமாக வைக்க.

4. பிறர் துன்பத்திற்கு வினைப்பயன் கூறற்க. ஆழிப்பேரலையில் தாயை இழந்த பிள்ளையிடம் "முன்வினை" என்று சொல்லுதல் சாத்திர அறிவன்று, இரக்கமின்மை. வினைக்கொள்கை என் செயலுக்கு நானே பொறுப்பு என்று என்னை விழிப்பித்தற்கு உரியது. பிறன் கண்ணீரைப் பார்த்துச் சும்மா இருப்பதற்குச் சமாதானமாக ஏற்பட்டதன்று.

5. அஞ்சக் கற்பித்து, அவ்வளவில் நில்லற்க. தீவினையச்சத்தை அடுத்த அதிகாரம் ஒப்புரவறிதல் என்பதை நோக்குக. தீமையை அஞ்சி விலகுதலும், ஊரோடு ஒத்து உதவி வாழ்தலும் அடுத்தடுத்து வைக்கப்பட்டன.

ஆசிரிய நண்பர்களே! நம் வகுப்பிலிருக்கும் பிள்ளைகள் 1990ஆம் ஆண்டினைக் கண்டவர்களல்லர். அவர்கள் அதனை வீட்டுத் திண்ணையிலே கேட்டறிகின்றார்கள். திண்ணையிலே கேட்பது பெரும்பாலும் பாதிக் கதை. மற்றப் பாதியைச் சொல்லும் இடம் பாடசாலை ஒன்றே. அதனை நாம் சொல்லாவிடின், மூன்றாவது பிள்ளையின் விடையே இக்கரை முழுவதற்கும் விடையாகிவிடும்.

மாணவர்க்குரிய வினாக்கள்

1. துன்பம், குற்றம், தீமை என்னும் மூன்றற்கும் வேறுபாடு யாது? ஒவ்வொன்றிற்கும் உன் ஊரிலிருந்து ஓர் உதாரணங் கூறுக.
2. தீமைக்குக் கூறிய மூன்று அடையாளங்கள் எவை?
3. "இரண்டு பக்கமும் நடந்ததுதானே" என்னும் பேச்சில் உள்ள பிழை யாது?
4. புறவிருளுக்கும் ஆணவ இருளுக்கும் உள்ள வேற்றுமையைக் கூறி, அதனால் நாம் செய்யவேண்டுவது யாது என்று எழுதுக.
5. நீ சினங்கொண்ட ஒருவரை நினைத்துக்கொள். அவர் செய்ததற்கு இம்மூன்று சொற்களுள் எது பொருந்தும்? நீ அவருக்குச் செய்ய எண்ணியதற்கு எது பொருந்தும்?